கினுயோவின் கிளட்ச் சபதம்

சர்ர்... சரசர... சர்ர்...

சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம், கார் கொட்டகையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டு யாரோ மெதுவாகக் குலுக்குவது போல. முதல் தடவை கேட்பவர்கள், "உங்க வண்டியில ஏதோ கழண்டு கிடக்கு" என்று பதறிப் போவார்கள். கினுயோவுக்கோ அது இத்தனை வருடங்களாகக் கேட்டுப் பழகிய சொந்தக் குரல்.

கையிலிருந்த தூரிகை அப்படியே நின்றது. மூங்கில் குச்சியில் கோத்த மன்ஜு ரொட்டிகளின் மேல் மிசோ என்னும் இனிப்புச் சோயா விழுதைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு கனலில் விழுந்து 'சுர்' என்றது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. புகைதான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்பது இன்றைக்கே கடைசி. இன்னும் சற்று நேரத்தில் சவாகோ வந்துவிடுவாள். வந்து, டீ குடித்து, ரொட்டி தின்று, நாலு வார்த்தை குத்தலாகப் பேசிவிட்டு, தன் வண்டியை இங்கேயே விட்டுவிட்டு, கினுயோவின் வெள்ளி நிறக் காரை ஓட்டிக்கொண்டு போய்விடுவாள்.

ஷிபுகாவா ஊரில் கினுயோவைத் தெரியாத குழந்தை கிடையாது. மழலையர் பள்ளியின் மஞ்சள் நிறச் சின்ன பஸ்ஸை ஓட்டுகிறவள் அவள்தான். ஐம்பத்து நாலு வயது. குள்ளம், பருமன், வாய் மட்டும் பெரிசு. "பஸ் அத்தை, இன்னும் வேகமா!" என்று குழந்தைகள் கத்தினால், "பஸ்ஸுல வேகமா போனா போலீஸ் மாமா என் காதைத் திருகிடுவாரு. உட்காருங்கடா!" என்பாள். கியரே போடத் தேவையில்லாத, பெரியவர்கள் தூங்கி விழுகிற மாதிரி போகும் பஸ் அது.

அதே கினுயோ ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வேறு ஆள். உதட்டுக்குச் சாயம் பூசி, கழுத்தில் சிவப்புத் துண்டு கட்டி, வெள்ளிக் காரை எடுத்துக்கொண்டு ஹருணா மலைப்பாதையில் ஏறுவாள். உச்சியில் ஏரிக்கரை ஓரமாக வண்டிகள் வரிசையாக நிற்கும். யார் வண்டிக்கு என்ன டர்போ, யார் வண்டிக்கு என்ன கிளட்ச் என்று காபிக் குவளையும் கையுமாகப் பேசிச் சிரித்துவிட்டு இறங்குவார்கள். அவ்வளவுதான். அந்த ஒரு காலைப் பொழுதுக்காகத்தான் அவள் மற்ற நாளெல்லாம் அந்தத் தூங்குமூஞ்சி பஸ்ஸை ஓட்டினாள் என்றாலும் பொய்யில்லை.

அந்தக் காரை அவள் வாங்கியது கல்யாணத்துக்கு முன்னால், கொன்யாக்கு ஆலையில் கிழங்கு சீவிச் சேர்த்த சம்பளத்தில். புருஷன் பின்னால்தான் வந்தான். அவன் வந்த கதையும் கிளட்ச்சால் வந்த கதைதான்.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைப்பாதையின் பாதியில் ஒரு நீல நிறக் கார் புகை கக்கிக்கொண்டு நின்றது. பழைய செருப்பைக் கொளுத்தின மாதிரி ஒரு நாற்றம். பக்கத்தில் ஒல்லியாக, நெட்டையாக, தலையைச் சொறிந்தபடி ஒரு இளைஞன். பெயர் ரெய்ஜி. டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. டர்போவின் காற்றழுத்தத்தை மனம்போனபடி ஏற்றிவிட்டு, கிளட்ச்சை மட்டும் கம்பெனியில் கொடுத்தபடியே விட்டிருந்தான். இஞ்சின் இழுத்த இழுப்பில் கிளட்ச் வழுக்கி, சூடேறி, எரிந்தே போயிருந்தது.

கினுயோ அவன் வண்டியைக் கயிறு கட்டி மலையிலிருந்து கீழே இறக்கினாள். இறக்கியவள் சும்மா விட்டாளா? கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இஞ்சின் காளை மாட்டாட்டம்! கிளட்ச் மட்டும் தோஃபு கட்டியாட்டம் கொழகொழன்னு! இந்த லட்சணத்துல மலையேற வந்துட்டாரு. எல்லாரும் கேட்டுக்கோங்க. என் வண்டியில என்னைக்குக் கம்பெனி கிளட்ச் ஏறுதோ, அன்னைக்கே சாவியைக் கீழ வச்சிடுவேன். இது சபதம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். ரெய்ஜியும் கைதட்டினான். அவமானத்தில் சிவந்த முகத்தோடு, கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டு தட்டினான். மறு வருடம் அவளுக்கே மாலையிட்டான். கல்யாணப் பரிசாக மோதிரத்தோடு கூட இன்னொன்றும் கொடுத்தான். தன் கையாலேயே அவள் காரில் ஓர் இரட்டைத் தட்டு கிளட்ச்சைப் பொருத்தினான்.

இரட்டைத் தட்டு என்றால் பிடித்தால் பிடித்ததுதான். இஞ்சின் எவ்வளவு துள்ளினாலும் வழுக்காது. ஆனால் பெடல் பாறாங்கல் மாதிரி இருக்கும். அதற்கு ஒரு விசித்திரமான குணமும் உண்டு. வண்டி நின்றபடி இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது, பெடலை மிதித்தால்தான் அந்தச் சரசரப்பு வரும். காலை எடுத்த நொடியே வாயை மூடிக்கொள்ளும். மலை உச்சியில் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே, "கினு வந்துட்டா" என்று வழி விடுவார்கள்.

இந்த மார்கழிக் குளிரில்தான் இடது முட்டி காலை வாரிவிட்டது.

முதலில் மாடிப்படி ஏறும்போது வலித்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் தரைப் பாயிலிருந்து எழுந்திருக்கும்போது வலித்தது. "அம்மாடி" என்று சொல்லிக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸுக்கு இடது கால் வேலை இல்லாததால் பிழைப்பு ஓடியது. ஆனால் போன மாதம் ஒரு ஞாயிறு, இகாஹோ போகும் ஏற்றத்தில், சிவப்பு விளக்கில் நின்றபோது காலே விட்டுப்போனது. விளக்கு பச்சையானது. பெடலைப் பிடித்திருந்த கால் நடுங்கி நழுவ, வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. மறுபடி கிளப்பினாள். மறுபடி அணைந்தது. பின்னால் வெந்நீர் ஊற்றுக்குப் போகும் சுற்றுலா பஸ். அதன் கண்ணாடிக்குள்ளிருந்து அத்தனை முகங்கள் அவளையே பார்த்தன. கடைசியில் பக்கத்து இருக்கையிலிருந்த ரெய்ஜி இறங்கி இந்தப் பக்கம் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவளை நகரச் சொல்லி, வண்டியை எடுத்தான். கினுயோ வீடு வரும் வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

"கொஞ்சம் லேசான கிளட்ச்சா..." என்று அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது ரெய்ஜி ஆரம்பித்தான்.

"பேசாதீங்க!" சூப்புக் கிண்ணத்தை டக்கென்று வைத்தாள். "ஒண்ணு இரட்டைத் தட்டு. இல்லைன்னா சாவியைக் கீழ வைப்பேன். ஊரே கேட்க நான் சொன்ன சொல். மறந்து போச்சா?"

மறு நாளே சவாகோவுக்குப் போன் செய்துவிட்டாள். விலையும் பேசியாகிவிட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாலும், ஒவ்வொரு நாளும் கொட்டகைப் பக்கம் போகும்போது யாரையோ வழியனுப்பத் தயாராகிறவள் மாதிரி ஒரு தடவை காரைத் தொட்டுவிட்டு வந்தாள்.

கொட்டகைக் கதவைத் திறந்துகொண்டு ரெய்ஜி சமையலறைக்குள் வந்தான். அறுபதை நெருங்கியும் அதே ஒல்லி, அதே நெட்டை. கட்டை விரலில் பிளாஸ்திரி. தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிசைந்தான்.

"கினு... இஞ்சின் சூடாகியிருக்கு. சவாகோ-சான் வர்றதுக்குள்ள ஒரே ஒரு சுத்து ஓட்டிட்டு வந்துடேன்."

"வேணாம்."

"கோவில் முனை வரைக்கும்தான். பெடலுக்கு எண்ணெய்ச் சிலிண்டர் புதுசு மாத்தியிருக்கேன்னு சொன்னேனே, கொஞ்சம் லேசா இருக்கும்..."

"விக்கிற வண்டிக்கு எதுக்குங்க புதுச் சிலிண்டரு? பாலிஷ் போட்டு எடுத்துட்டு வர்றேன்னு பட்டறைக்குக் கொண்டு போனீங்க. மூணு நாள் கழிச்சுத்தான் திரும்பி வந்தீங்க. நான் எதாவது கேட்டேனா? போற பொண்ணை அலங்காரம் பண்ணி அனுப்புறீங்கன்னு விட்டுட்டேன். இதுக்கு மேல என்னைப் படுத்தாதீங்க." மூக்கை உறிஞ்சினாள். "டீத்தூள் டப்பா எங்க? செர்ரி மரப்பட்டை ஒட்டின என் டப்பா. ஒரு வாரமா தேடறேன். வர்றவளுக்கு ஜாம் பாட்டில்லேர்ந்து எடுத்தா டீ போடுவேன்?"

ரெய்ஜி தொப்பியை இன்னும் பலமாகப் பிசைந்தான்.

"டப்பா எங்க போயிடும்... இருக்கும்."

"இருக்கும்னா எங்க..." என்று திரும்பியவள், பாதியில் நின்றாள்.

சர்ர்... சரசர... சர்ர்...

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் நிற்கவேயில்லை. புருஷனோ அவள் எதிரில், சமையலறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

"என்னங்க," என்றாள் மெதுவாக. "நீங்க இங்க நிக்கிறீங்க. அப்ப அங்க பெடலை மிதிச்சுக்கிட்டிருக்கறது யாரு?"

ரெய்ஜி வாயைத் திறப்பதற்குள் வாசல் மணி அடித்தது.

"கினு! செத்துட்டியா உயிரோட இருக்கியா? காத்து என் மூக்கைப் பிச்சுக்கிட்டுப் போகுது, கதவைத் திறடி!"

சவாகோ. மிசுசவா சாலையில் உதோன் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறவள். கினுயோவை விட ஒரு வயது மூத்தவள். இதே கார்தான், வெள்ளை நிறத்தில், அவளிடமும் இருந்தது. இத்தனை வருடமும் ஹருணா மலையில் இவளை முந்த வேண்டும் என்று அவளும், அவளை முந்தவிடக் கூடாது என்று இவளும் மல்லுக்கட்டியதில் வளர்ந்த நட்பு. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு சவாகோவின் வண்டியை அடியில் அரித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் வெள்ளிக் காரின் மேல் அவளுக்கு ஒரு கண், ஏன், இரண்டு கண்ணும்.

செருப்பைக் கழற்றும்போதே மோப்பம் பிடித்தாள். "மன்ஜு சுட்டிருக்கியா? பரவாயில்ல, காரைப் பறிகொடுக்கிறவ கூட மரியாதை தெரிஞ்சவளாத்தான் இருக்கா." கையோடு கொண்டுவந்த உதோன் பொட்டலத்தை நீட்டினாள். "முட்டி எப்படி இருக்கு? நான் பார், தினம் காலையில மாவைக் காலால மிதிக்கிறேன். அதான் தேக்குக் கட்டையாட்டம் இருக்கு. நீ பஸ்ஸுல உட்கார்ந்து உட்கார்ந்து..."

"வந்ததும் ஆரம்பிச்சுட்டியா? உள்ள வா."

"உட்கார்றது அப்புறம். முதல்ல என் பொண்ணைப் பார்க்கறேன். ஆகா, குரல் கேட்குதே!" சரசரப்பைக் கேட்டு அவள் முகம் மலர்ந்தது. நேராகக் கொட்டகைக்கு நடந்தாள்.

"சவாகோ-சான், முதல்ல டீ... ஆறிடும்..." என்று ரெய்ஜி வழியை மறித்தான்.

"டீயே இன்னும் போடலையே ரெய்ஜி-சான், எப்படி ஆறும்?" என்று அவனைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கார் தேய்த்து வைத்த பாத்திரம் போலப் பளபளத்தது. சவாகோ கூரையை ஒரு தடவு தடவிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தாள். பாறாங்கல் பெடலுக்குத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டு, மாவு மிதிக்கும் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

தொம்!

கால் தரையில் போய் இடித்தது. "ஐயோ அம்மா!" என்று அலறினாள்.

பெடல் பஞ்சு மாதிரி இறங்கியிருந்தது. காலை எடுத்தாள். சரசர. மிதித்தாள். சரசர. மறுபடியும் எடுத்தாள். அப்போதும் சரசர. சவாகோவின் புருவம் இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்தது. மெல்லத் தலையை வெளியே நீட்டினாள்.

"கினு. இது என்னடி, மிதிச்சாலும் பேசுது, மிதிக்காட்டியும் பேசுது? என் மாமியாராட்டம்?"

கினுயோவின் கண் புருஷன் மேலேயே இருந்தது. சவாகோ டார்ச்சை எடுத்துக்கொண்டு, நல்ல நாளும் அதுவுமாகக் கட்டியிருந்த உடையையும் பாராமல், தரையில் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். கையை விட்டு எதையோ பிடித்துத் திருகினாள். கம்பி அறுந்தது. சத்தம் பட்டென்று நின்றது.

வெளியே வந்த கையில் ஒரு டீ டப்பா இருந்தது. செர்ரி மரப்பட்டை ஒட்டிய டப்பா. குலுக்கினாள். உள்ளே வாஷர்கள் சரசரத்தன.

கொட்டகையில் இஞ்சினின் அமைதியான முனகல் மட்டும் மிஞ்சியது.

ரெய்ஜி பொத்தென்று சிமென்ட் தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தான். அந்த நெட்டை உடம்பு மடிந்து கிடந்ததைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, பரிதாபமாகவும் இருந்தது.

"என் வண்டியில," என்றாள் கினுயோ. "என் வண்டியில கம்பெனி கிளட்ச்சா? எனக்குத் தெரியாமலா? டீ டப்பாவைக் கட்டிவிட்டு என்னை ஏமாத்தினீங்களா?"

"கினு, முழுசா கேளு, அது வந்து..."

"வாயைத் திறக்காதீங்க! இனி நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை வரக் கூடாது!"

ரெய்ஜி வாயை மூடிக்கொண்டான். அந்த வீட்டில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

சவாகோ உடையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு.

"எனக்கு ஞாபக சக்தி ஜாஸ்தி கினு. அன்னைக்கு மலையில நானும் நின்னு கைதட்டினேன். என்னைக்குக் கம்பெனி கிளட்ச் ஏறுதோ அன்னைக்குச் சாவியைக் கீழ வைப்பேன்னே. ஏறிடுச்சு. என்கிட்ட விலை பேசினதைக்கூட விடு. இப்ப சபதப்படியே வண்டி உன்கிட்ட இருக்கக் கூடாது." உள்ளங்கையை நீட்டினாள். "கொடு."

கினுயோ காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குனிந்து கிடந்த புருஷனைப் பார்த்தாள். அவனுடைய கட்டை விரல் பிளாஸ்திரியைப் பார்த்தாள். டிராக்டரில் நசுங்கியது என்று சொல்லியிருந்தானே. மூன்று நாள் ராத்திரி அவன் குளியலறையில் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. இந்த வயதில், இந்தக் குளிரில், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கியர்ப் பெட்டியை நெஞ்சில் தாங்கி இறக்கியிருக்கிறான். அவளுக்கு முட்டி வலிக்கக் கூடாது. அவளுடைய சபதமும் உடையக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் தவித்து, அந்த மனுஷனுக்குத் தோன்றியது ஒரு டீ டப்பா!

அவளுக்குள் எதுவோ உடைந்து, அணை திறந்த மாதிரி கண்ணீர் கொட்டியது.

"சவா," என்றாள். "சாவியைத் தர மாட்டேன்."

"என்னடி?"

"சபதத்தை வாபஸ் வாங்கிக்கறேன். சிரிச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை மலையில எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரி. இருபத்தாறு வயசு முட்டியை வச்சுக்கிட்டுப் போட்ட சபதம் அது. அந்த முட்டி இப்ப என்கிட்ட இல்ல. புருஷன் இருக்காரு. வண்டி இருக்கு. தோஃபு கிளட்ச்னா தோஃபு கிளட்ச். ஆமை மாதிரி ஏறினாலும் நான்தான் ஏறுவேன்."

சவாகோ நீட்டிய கையை மடக்கவே மறந்து நின்றாள்.

"நகரு," என்று அவளைத் தள்ளிவிட்டு, கினுயோ ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். "ரெண்டு பேரும் ஏறுங்க. நீங்க பின்னாடி. வாய் மட்டும் பேசக் கூடாது."

ரெய்ஜி பின்சீட்டில் முழங்கால் மூக்கில் இடிக்க மடங்கி உட்கார்ந்தான். சவாகோ பக்கத்தில் ஏறினாள். கினுயோ இடது காலைப் பெடலில் வைத்தாள். பயந்து பயந்து அழுத்தினாள்.

வலிக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். பெடல் சொன்னபடி கேட்டு இறங்கியது. முட்டி வாய் திறக்கவில்லை. "அடடா," என்றாள் மூச்சுக்குள்.

வெளியே காற்று மரங்களை வளைத்துக்கொண்டிருந்தது. வண்டி தெருவைக் கடந்து, இகாஹோ போகும் ஏற்றத்தில் திரும்பியது. அங்கே பார்த்தால், அதே இடம், அதே விளக்கு. சொல்லி வைத்தாற்போலச் சிவப்பு. பின்னால் ஒரு பெரிய லாரி வந்து ஒட்டி நின்றது.

கினுயோ காலை அழுத்தியபடி காத்திருந்தாள். முட்டி எப்போது நடுங்கும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சவாகோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு பச்சையானது. காலை மெல்லத் தளர்த்தினாள். வண்டி ஒரு குலுங்கல் இல்லை, ஒரு முனகல் இல்லை, குழந்தை நிறைந்த பஸ்ஸை எடுப்பது மாதிரி அலுங்காமல் நகர்ந்தது.

"அப்படிப் போடு, எடுத்துட்டேடி!" என்று சவாகோ தன்னை மறந்து அவள் தொடையில் அறைந்தாள்.

விளக்கைத் தாண்டியதும் சாலை செங்குத்தாக ஏறியது. மூன்றாவது கியர். இங்கேதான் வரும் என்று கினுயோவுக்குத் தெரியும். கம்பெனி கிளட்ச் என்றால் டர்போ இழுக்க ஆரம்பித்ததும் பிடி விட்டுவிடும். இஞ்சின் மட்டும் கத்திக்கொண்டு மேலே போகும், வண்டி போகாது. அப்புறம் அந்தப் பழைய செருப்பு நாற்றம். மனதைத் திடப்படுத்திக்கொண்டு, மெதுவாக ஆக்சிலரேட்டரைக் கொடுத்தாள்.

டர்போ விசிலடித்தது. இருக்கை முதுகைத் தள்ளியது. இஞ்சின் ஏற ஏற வண்டியும் கூடவே ஏறியது. கொஞ்சம்கூட வழுக்கவில்லை. நாற்றமும் இல்லை.

சாலையோரமாக நிறுத்தினாள். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள்.

"என்னங்க."

ரெய்ஜி விரலை உதட்டில் வைத்துக் காட்டினான்.

"என்னங்க! உங்களைத்தான்! இது கம்பெனி கிளட்ச் இல்ல. என் காலுக்குத் தெரியும். என்னத்தைப் போட்டிருக்கீங்க?"

"பேசலாமா?" என்றான் ரெய்ஜி பணிவாக.

"பேசித் தொலைங்க!"

"நீதானே வாயைத் திறக்காதேன்னே. அதான்..." முழங்காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டான். "கம்பெனி கிளட்ச் ஒரு தட்டு. மாமனார் வீட்டுல மாப்பிள்ளை கையைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கும், பட்டும் படாமலும். இரட்டைத் தட்டு திருடனோட சட்டைக் காலரைப் பிடிக்கிற மாதிரி. இது ரெண்டுக்கும் நடுவுல. தட்டு ஒண்ணுதான். ஆனா அதுல ஒட்டியிருக்கிற சரக்கு வேற, அழுத்துற மூடி பலமானது. சத்தம் போடாது. பெடல் கம்பெனிதை விடக் கொஞ்சம்தான் கனம். நம்ம டர்போவுக்கு இதுவே தாராளம்." தொப்பியைப் பிசைந்தான். "கம்பெனி கிளட்ச்சைப் போட்டு, எனக்கு நடந்த மாதிரி உன்னையும் நடு மலையில புகை விட்டு நிக்க வைப்பேனா? கயிறு கட்டி இழுக்க எனக்கு உன் அளவுக்குத் தெம்பு இல்லையே."

கினுயோ இருக்கையிலேயே பின்னால் திரும்பினாள்.

"அப்ப என் சபதம் உடையவே இல்லையா?"

"உடையல."

"அப்ப நான் ஒண்ணுமில்லாததுக்கா இவ முன்னாடி அழுது, மூக்கைச் சிந்தி, வாபஸ் வாங்கினேன்? கொட்டகையிலயே சொல்லியிருக்கலாம்ல!"

"சொல்ல வந்தேன். நீதான்..."

சவாகோ சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மூக்கால், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "வாபஸ் வாங்கினது வாங்கினதுதான்! நான் காது குளிரக் கேட்டேன். ஞாயித்துக்கிழமை மலையில முதல் செய்தி இதுதான்!" என்றாள். கினுயோ அவள் தோளில் ஒரு குத்து விட்டாள். பிறகு அவளும் சிரித்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கலந்து மூச்சு முட்டியது. பின்சீட்டில், பேசலாமா கூடாதா என்று தெரியாமல், ரெய்ஜியும் மெதுவாகச் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து ரொட்டிகளை மறுபடி சூடு காட்டி, அடியில் கணப்பு வைத்த கோதத்சு மேஜையின் போர்வைக்குள் மூவரும் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். டப்பாவிலிருந்த வாஷர்களைக் கொட்டிவிட்டு, கழுவித் துடைத்து, கினுயோ அதில் டீத்தூளை நிரப்பினாள். டீயில் லேசாக எண்ணெய் வாடை அடித்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"நான் கொட்டகையெல்லாம் கூட்டி, இடம் ஒழிச்சு வச்சுட்டு வந்தேன்டி," என்றாள் சவாகோ, மூன்றாவது குச்சியை முடித்துக்கொண்டு. குரலில் கொஞ்சம் நிஜமான வருத்தம் இருந்தது. "வெறுங்கையோடவா போறது?"

கினுயோ புருஷனைப் பார்த்தாள். ரெய்ஜிக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய், கொட்டகை மூலையிலிருந்து எண்ணெய்த் துணி சுற்றிய ஒரு கனமான பொருளைத் தூக்கிக்கொண்டு வந்தான். கல்யாணப் பரிசாக வந்த இரட்டைத் தட்டு கிளட்ச். கினுயோ அதை மடியில் வாங்கி, விளிம்பை ஒரு தடவை விரலால் தடவினாள். பிறகு கொக்குப் படம் போட்ட நல்ல சதுரத் துணியில் வைத்து, குழந்தையைத் துணியில் சுற்றுவது போல நிதானமாகச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"இந்தா. உன் வண்டியில அப்படியே பொருந்தும். நீதான் தேக்குக் கட்டைக் கால்காரியாச்சே."

சவாகோ இத்தனை வருடமும் மலையில் எதைக் கேட்டு வழி விட்டாளோ அது இப்போது அவள் கையில் இருந்தது. "காரை வாங்க வந்தவளுக்குக் கிளட்ச்சைக் கட்டிக் கொடுத்து அனுப்புறே. நல்லா இருக்குடி உன் நியாயம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "துணியைத் திருப்பித் தர மாட்டேன். கொக்கு நல்லாயிருக்கு."

"வச்சுக்கோ."

வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது அவள் திரும்பினாள். "ரெய்ஜி-சான், அடுத்த வாரம் வந்து பொருத்தித் தரணும். என் வீட்டு டீ டப்பாவை மட்டும் தொடக் கூடாது."

"சரிங்க," என்று ரெய்ஜி நெட்டை முதுகை வளைத்துக் குனிந்தான்.

"ஞாயித்துக்கிழமை வருவேல்ல கினு?"

"வழி விடத் தயாரா இரு."

"சத்தமே வராத வண்டிக்கு யாருடி வழி விடுவா? இனி சரசரன்னு வர்றது நான்தான்!" என்று சிரித்துக்கொண்டே, மூட்டையை இடுப்பில் இடுக்கி, காற்றுக்கு எதிரே தலையைக் குனிந்து சவாகோ படியிறங்கினாள். வெள்ளைக் கார் கிளம்பித் தெருமுனையில் திரும்பும் வரைக்கும் இருவரும் குளிரில் கை ஆட்டிக்கொண்டு நின்றார்கள்.

"முட்டி?" என்று கேட்டான் ரெய்ஜி.

"உங்க முதுகு?" என்று கேட்டாள் கினுயோ.

பதிலுக்குக் காத்திராமல் அவனை உள்ளே இழுத்துக்கொண்டு, வாசல் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.